மேட்டூர் அணை நிலவரத்தைப் படித்துத் தூண்டில் போடுவது

காலை 8 மணிக்கு எடுக்கப்படும் மேட்டூர் அணை நிலவரம் கொஞ்ச நேரத்தில் செய்தித் தளங்களுக்கும் வாட்ஸ்அப் குழுக்களுக்கும் வந்துவிடும். நீர்மட்டம், நீர் இருப்பு, நீர்வரத்து, வெளியேற்றம் என்று நான்கு எண்கள். டெல்டா விவசாயிக்காகச் சொல்லப்படுபவை என்றாலும் காவிரிக்கரையில் தூண்டில் போடுபவர்களும் பார்க்கிறார்கள். பெரும்பாலானவர்கள் பார்ப்பது நீர்மட்டத்தை மட்டும். "அணை 110 அடி ஆயிடுச்சு, போலாமா?" என்பதுதான் வழக்கமான கேள்வி. அணைக்குக் கீழே ஆற்றங்கரையில் உட்காரப் போகிறவருக்கு அந்த நான்கில் ஆகக் குறைந்த பயன் தரும் எண் நீர்மட்டம்தான்.

அணை 118 அடியில் நிரம்பி நிற்கும்போது கீழே ஆறு பாறையும் மணலுமாகக் கிடக்கலாம். 85 அடியில் இருக்கும்போது கரை தொட்டு ஓடலாம். கீழே ஓடுவதை முடிவு செய்வது வெளியேற்றம். அதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. டெல்டா பாசனத்துக்கு 10,000 கன அடி, கிழக்கு மேற்குக் கால்வாய்க்கு 600 கன அடி என்று அறிக்கை சொன்னால், அந்த 600 ஆற்றுக்குள் வராது. நீர்த்தேக்கத்திலிருந்தே பிரிந்து போய்விடும். வழக்கமான ஆண்டில் ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 15 வரை 137 நாட்கள் அந்தக் கால்வாய் ஓடும். பவானிசாகருக்கும் இதே கணக்குதான். கீழ்பவானி வாய்க்காலுக்கு விடுவது ஆற்றில் சேராது. தடப்பள்ளி, அரக்கன்கோட்டை, காலிங்கராயன் பாசனத்துக்கு விடுவது பவானி ஆறு வழியாக வந்து அந்தந்த அணைக்கட்டில் பிரியும். "பவானிசாகரில் 2,500 கன அடி திறப்பு" என்ற தலைப்பை மட்டும் படித்துவிட்டுக் கொடிவேரிக்குக் கீழே தூண்டிலோடு போனால் கணுக்கால் தண்ணீர்தான் இருக்கும். எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு என்று பிரித்துப் போட்டிருக்கும் செய்தியைத் தேடிப் படியுங்கள்.

அலகுகளில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். கன அடி என்று சுருக்கமாகச் சொன்னாலும் அது ஒரு வினாடிக்கான கணக்கு; ஒரு கன அடி 28.3 லிட்டர். டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி, அதாவது தேங்கி நிற்கும் நீரின் அளவு. இரண்டையும் இணைக்க ஒரே ஒரு எண்ணை மனதில் வைத்தால் போதும்: வினாடிக்கு 11,574 கன அடி வீதம் 24 மணி நேரம் ஓடினால் ஒரு டிஎம்சி. மத்திய நீர்வள ஆணையத்தின் தாள்களில் ஓட்டம் வினாடிக்கு இத்தனை கன மீட்டர் என்று இருக்கும், 35.3 ஆல் பெருக்கினால் நம் கன அடி. 300 கன மீட்டர் என்பதைப் பார்த்து ஆறு வறண்டு கிடக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். அது பத்தாயிரத்துச் சொச்சம் கன அடி, முழுப் பாசனக்காலத்து ஓட்டம்.

மட்டத்திலும் இதே குழப்பம் வரும். மேட்டூரின் முழு மட்டமான 120 அடி என்பது கடல் மட்டத்திலிருந்து 790 அடி, அதாவது 240.79 மீட்டர். ஆணையத்தின் அறிக்கையில் 237.10 மீட்டர் என்று இருந்தால் அதிலிருந்து 204.22 ஐக் கழித்து 3.281 ஆல் பெருக்குங்கள். 108 அடிக்குக் கொஞ்சம் குறைவாக வரும். பவானிசாகரின் 105 அடியும் கர்நாடகத்தின் கேஆர்எஸ் (கிருஷ்ணராஜ சாகர்) அணையின் 124.80 அடியும் அந்தந்த அணையின் தனிக் கணக்கு. கர்நாடகத்தின் இன்னொரு அணையான கபினியை மட்டும் கடல் மட்டத்தை வைத்து 2,284 அடி என்று எழுதுவார்கள். அணைகளை அடியில் ஒப்பிடுவது வீண்வேலை. ஒப்பிட்டே தீர வேண்டுமானால் டிஎம்சியில் ஒப்பிடுங்கள்.

நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் போடுபவருக்கு மட்டும் நீர்மட்டம் உயிர்நாடி. அங்கேயும் இன்றைக்கு எத்தனை அடி என்பதைவிட ஏறுகிறதா இறங்குகிறதா, நாளைக்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி. வரத்திலிருந்து மொத்த வெளியேற்றத்தைக் கழியுங்கள், கால்வாயையும் சேர்த்து. முழுக் கொள்ளளவான 93.47 டிஎம்சியை ஒட்டி அணை நிற்கும்போது ஒரு அடி உயர ஏறத்தாழ 1.6 டிஎம்சி வேண்டும். அப்படியானால் வரத்து வெளியேற்றத்தைவிட 19,000 கன அடி அதிகமாக ஒரு நாள் முழுக்க இருந்தால் ஒரு அடி ஏறும். 100 அடியில் இருப்பு சுமார் 65 டிஎம்சி. அங்கிருந்து 120 வரைக்கும் சராசரி அடிக்கு 1.4 டிஎம்சிதான். இன்னும் கீழே போகப் போக நீர்ப்பரப்பு சுருங்கும், அதே வரத்துக்கு மட்டம் வேகமாக ஏறும். அணை பாதிக்குக் கீழே கிடக்கும்போது கர்நாடகத்திலிருந்து திடீர் வரத்து வந்தால் ஒரே நாளில் பல அடி ஏறுவது இதனால்தான்.

நீர்த்தேக்கம் மெதுவாக, நாளுக்கு அரை அடி, ஒரு அடி என்று ஏறும் நாட்கள்தான் ஓரத்தில் உட்காருபவருக்கு ஆகச் சிறந்தவை. கோடையில் காய்ந்த கரையில் புல் முளைத்திருக்கும். சில இடங்களில் சாகுபடியே நடந்திருக்கும். அது முழுகும்போது மண்புழுவும் பூச்சியும் தண்ணீருக்குள் வருகின்றன. அவற்றைத் தேடிக் கெண்டை வகைகள் இரண்டு, மூன்று அடி ஆழத்துக்கே வந்துவிடும். அப்போது தூரமாக வீசுவது வீண். கரையிலிருந்து பத்துப் பதினைந்து அடிக்குள், புல் முழுகிய விளிம்பில், தக்கையோடு மண்புழு போதும். மட்டம் வேகமாக இறங்கும் நாட்களில் நேர் எதிர்: ஓரத்து மீன் ஆழத்துக்கு ஒதுங்கிவிடும். பழைய ஆற்றுப் பள்ளத்தையும் செங்குத்தான பாறைக் கரையையும் தேடிப் போக வேண்டும். பண்ணவாடிப் பக்கம் முழுகிக் கிடக்கும் நந்தி சிலையும் பழைய தேவாலயக் கோபுரமும் தலைகாட்டும் ஆண்டுகளில், தரை எங்கே சரிகிறது, எங்கே பள்ளம் என்பதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஏறிய பிறகு அதைவிட நல்ல வரைபடம் கிடைக்காது. நீர்த்தேக்கத்தில் உரிமம் பெற்ற மீனவர்கள் தொழில் செய்கிறார்கள். அவர்கள் வலைக்கு நடுவில் போடாதீர்கள். எங்கே தூண்டிலுக்கு அனுமதி என்பதை மேட்டூர் மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

வரத்தை முன்கூட்டியே அறிய மேலே பார்க்க வேண்டும். குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் முதலில் நிரம்புவது பெரும்பாலும் கபினிதான், 19.52 டிஎம்சி மட்டுமே கொள்ளும் அணை என்பதால் உபரியைச் சீக்கிரம் விட்டுவிடும். 49.45 டிஎம்சி கொண்ட கேஆர்எஸ் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். கர்நாடகத்தின் பேரிடர் கண்காணிப்பு மையம் இந்த அணைகளின் தினசரி மட்டம், வரத்து, வெளியேற்றத்தைப் போடுகிறது. இரண்டு அணைகளின் வெளியேற்றத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். அது தமிழக எல்லையான பிலிகுண்டுலுவுக்கு வர ஒன்றரை முதல் இரண்டு நாள் ஆகும். அங்கே மத்திய நீர்வள ஆணையத்தின் அளவீட்டு நிலையம் இருக்கிறது. அங்கிருந்து ஒகேனக்கல்லுக்குச் சில மணி நேரம், பிறகு மேட்டூர். ஆக, கபினியின் மதகு திறந்த செய்தியைப் படித்தவருக்கு மேட்டூரில் வரத்து கூடுவதற்கு இரண்டு நாள் அவகாசம் இருக்கிறது.

பிலிகுண்டுலு எண்ணைப் பயன்படுத்தலாம், அங்கே தூண்டில் போடக் கூடாது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் காவிரிக்கரைக் காடுகள் வன உயிரினச் சரணாலயங்கள். காவிரி தெற்குச் சரணாலயம் 2022இல் அறிவிக்கப்பட்டது. திமில் மஹ்சீர் என்ற, காவிரி வடிநிலத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பெருங்கெண்டை அழிவின் விளிம்பில் நிற்கிறது. அதற்கு மிச்சமிருக்கும் இடங்களில் இந்தக் காடும் மோயாறும் அடக்கம்.

இனி அணைக்குக் கீழே. இங்கேதான் எண்கள் அதிகம் ஏமாற்றும். மேட்டூருக்கும் கரூர் மாவட்டத்துக்கும் இடையே காவிரி தொடர்ந்து ஓடும் ஆறு அல்ல, கதவணைகளால் கட்டிய படிக்கட்டு. செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை, அதற்குக் கீழே வெண்டிபாளையம், சோழசிராமணி என்று வரிசையாக நீர்மின் கதவணைகள். ஒவ்வொன்றும் தனக்கு மேலே ஒரு தேக்கத்தை வைத்திருக்கும். அந்தத் தேக்கத்தில் ஆற்றில் 3,000 கன அடி ஓடினாலும் 15,000 ஓடினாலும் மட்டம் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஏனென்றால் கதவுகளும் டர்பைன்களும் மட்டத்தைப் பிடித்து வைக்கின்றன. மாறுவது இழுப்பு. கரையில் நட்ட கம்பு அசையவில்லையே என்று நம்பி உட்கார்ந்தால், எடைக்குக் கட்டிய ஈயம் நிற்காமல் தூண்டில் நரம்பு கரையோரமாக வளைந்து வருவதைப் பார்த்துத்தான் ஓட்டம் கூடியது தெரியும். கதவணைக்குக் கீழே உள்ள பாறைப் பகுதியில் தலைகீழ்: அங்கே ஓட்டம் இரட்டித்தால் மட்டமும் சட்டென்று ஏறும். ஒரே நாளில், ஒரே ஆற்றில், இரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு விதமான ஆறு.

இந்தப் படிக்கட்டினால் பயண நேரமும் நேர்கோடாக இருக்காது. பாசனத்துக்காக ஜூன் 12இல் மேட்டூரைத் திறக்கும் ஆண்டுகளில், காய்ந்த மணலில் ஊறி, ஒவ்வொரு தேக்கத்தையும் நிரப்பிக்கொண்டு வரும் முதல் தண்ணீர் கல்லணைக்குச் சேர மூன்று நாள் போல ஆகிறது. அதே ஆறு முழுக்க ஓடிக்கொண்டிருக்கும்போது வெளியேற்றத்தைக் கூட்டினால் மாற்றம் மிக வேகமாக இறங்கும். தேக்கங்கள் ஏற்கெனவே நிரம்பியிருப்பதால், மேலேயிருந்து அதிகமாக வருகிறது என்று தகவல் வந்தவுடன் கீழ்க் கதவணையில் முன்கூட்டியே கதவைத் தூக்குவார்கள். மேட்டூர் தண்ணீர் உங்களை எட்டுவதற்கு முன்பே உங்கள் இடத்தில் இழுப்பு கூடிவிடும். "மேட்டூரில் காலையில்தான் கூட்டினார்கள், இங்கே வர ராத்திரி ஆகும்" என்ற கணக்கு பவானி, குமாரபாளையம் பக்கத்தில் பொய்த்துப்போவது இதனால்தான்.

திருச்சிப் பக்கத்தினர் மேட்டூர் எண்ணை விட்டுவிட்டு மாயனூர் கதவணை எண்ணைப் பார்க்கலாம். பவானியில் பவானி ஆறும், கொடுமுடிக்குப் பக்கத்தில் நொய்யலும், கரூருக்குக் கீழே திருமுக்கூடலூரில் அமராவதியும் சேர்ந்த பிறகு, வாய்க்கால்கள் எடுத்தது போக மிச்சம் எவ்வளவு என்பது மாயனூரில்தான் தெரியும். முக்கொம்பில் அது காவிரிக்கும் கொள்ளிடத்துக்குமாகப் பிரிகிறது. கொள்ளிடத்துக்கு எவ்வளவு என்று தனியாகச் சொல்லாத செய்தியால் கொள்ளிடத்தில் போடுபவருக்குப் பயனில்லை.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் இன்னொரு சிக்கல். அணையில் வெளியேற்றத்தைக் குறைத்திருப்பார்கள், டெல்டாவில் மழை பெய்வதால். அந்த நேரத்தில் சேலம், நாமக்கல் பக்கம் ஒரு நல்ல மழை பெய்தால் சரபங்காவும் திருமணிமுத்தாறும் செம்மண் கரைசலைக் காவிரியில் கொட்டும். அணை எண் அசையாது, ஆறு கலங்கிக் கிடக்கும். இந்த மாதங்களில் அணை நிலவரத்தோடு முந்தைய இரண்டு நாள் மாவட்ட மழையளவையும் பார்க்காமல் கிளம்பக் கூடாது.

மணிக்கணக்கில் பார்க்க வேண்டுமென்றால் மத்திய நீர்வள ஆணையத்தின் வெள்ள முன்னறிவிப்புத் தளமும், 2023இல் வந்த ஃப்ளட்வாட்ச் இந்தியா செயலியும் இருக்கின்றன. ஊராட்சிக்கோட்டை, கொடுமுடி, முசிறி ஆகியவை காவிரியில் ஆணையத்தின் பழைய நிலையங்கள். பவானி ஆற்றுக்கு சவண்டப்பூர், அமராவதிக்கு நல்லமரன்பட்டி. இவற்றில் எந்த நிலையத்தின் எண் அன்றைக்குக் கிடைக்கிறதோ அதைத் திறந்து, கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். எச்சரிக்கை மட்டம், அபாய மட்டம் என்ற கோடுகள் வெள்ளத்துக்கானவை. அவற்றுக்குக் கீழே இருப்பதால் ஆற்றில் இறங்கலாம் என்று பொருள் இல்லை. பழைய ஆண்டுகளின் எண்கள் இந்தியா-வ்ரிஸ் என்ற நீர்வளத் தகவல் தளத்தில் கிடைக்கும்.

எத்தனை கன அடியில் போகலாம்? மேட்டூருக்கும் ஈரோட்டுக்கும் இடைப்பட்ட பகுதிக்கு என் கணிப்பு இது. வேறு இடத்துக்கு அப்படியே பொருந்தாது. பாசனம் நின்று குடிநீருக்கு மட்டும் ஆயிரம் கன அடி அளவில் விடும் மாதங்களில் தண்ணீர் தெளிவு, மீன் உஷார். கசத்தையும் (ஆழமான பள்ளத்தையும்) பாறை நிழலையும் தேடி, மெல்லிய நரம்பும் சின்ன முள்ளும் போட்டு, விடியலிலும் அந்தியிலும் மட்டும் உட்கார வேண்டும். ஜிலேபி மீனுக்கு இது நல்ல காலம். 6,000 முதல் 12,000 வரை பல நாள் ஒரே சீராக ஓடும்போதுதான் ரோகு, கட்லா, மிருகால், அரஞ்சான் எல்லாம் ஓட்டத்தின் விளிம்பில் ஒழுங்காக மேயும். 20,000ஐ ஒட்டி வந்தால் நடு ஆற்றை மறந்துவிட்டு மதில், பாலத்தூண், நாணல் திட்டு இவற்றின் பின்னால் சுழலும் நீரில் மட்டும் போடலாம். அணை மின் நிலையமும் சுரங்க மின் நிலையமும் சேர்ந்து வெளியேற்றக்கூடியது இருபதாயிரத்துச் சொச்சம்தான். அதற்கு மேல் வந்தால் 16 கண் மதகைத் திறப்பார்கள். "16 கண் மதகு வழியாக உபரிநீர்" என்ற சொற்களைப் பார்த்தால் தூண்டிலைக் கட்டி வைத்துவிடுங்கள். லட்சத்தைத் தாண்டும் நாட்களில் பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையம் கரையோர வீடுகளுக்கே ஆபத்து; மீனைப் பற்றிப் பேசும் நேரம் அல்ல அது.

இந்த அளவுகளைவிட முக்கியம், அந்த எண் எத்தனை நாளாக அங்கே நிற்கிறது என்பது. 10,000 கன அடி ஐந்து நாளாக ஓடிக்கொண்டிருப்பதும், நேற்று 4,000 ஆக இருந்து இன்றைக்கு 10,000 ஆனதும் வேறு வேறு ஆறு. ஓட்டம் ஏறும் முதல் நாள் தண்ணீரில் இலை, தழை, ஆகாயத்தாமரை எல்லாம் வரும். நரம்பில் குப்பை ஏறி ஈயத்தை இழுத்துவிடும். கெண்டை வாயைத் திறக்காது. கெளுத்திக்கு மட்டும் அது விருந்து: கலங்கலில் மீசையால் தேடும் மீன் என்பதால் கரையோரமாகக் கோழிக்குடலோ மண்புழுக் கொத்தோ போட்டால் எடுக்கும். உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கி இரண்டாம், மூன்றாம் நாள், முழங்கால் ஆழத்தில் உங்கள் பாதம் மங்கலாகத் தெரியும் அளவுக்குத் தெளியும்போது கெண்டை வகைகள் மறுபடி இரை எடுக்கும். அந்த இரண்டு நாளைப் பிடிப்பதற்குத்தான் இத்தனை எண்களும். பாதம் நன்றாகத் தெரிந்தால் மைதா உருண்டை, மங்கலானால் மண்புழு, சுத்தமாகத் தெரியாவிட்டால் வாசனை தூக்கலான இரை அல்லது வீடு.

ஈயத்தின் எடையையும் அன்றைய எண்ணே சொல்லிவிடும். தேக்கத்தில் ஓட்டம் குறைந்த நாளில் 10 முதல் 20 கிராம் போதும். பாசன ஓட்டத்தில் 40 முதல் 60. அதற்கு மேல் 80. உருண்டை ஈயம் பாறையில் உருளும், தட்டையானது நிற்கும். 80 கிராம் தட்டை ஈயமே நிற்கவில்லை என்றால் 120 வாங்கப் போகாதீர்கள், இடத்தை மாற்றுங்கள். அந்த இழுப்பில் மீனும் நிற்காது. ஆடியில் புதுவெள்ளத்தோடு சினை மீன்கள் மேலேறும்; வயிறு உப்பிய மீன் மாட்டினால் விட்டுவிடுவது நல்லது.

காலை எண் காலைக்கு மட்டும் உரியது. 8 மணிக்கு 12,000 என்று இருந்ததைப் பகலிலேயே 18,000 ஆக்கியிருக்கலாம். அது மாலைச் செய்தியில்தான் வரும். கிளம்பும்போது ஒரு முறை, இடத்துக்குப் போனதும் ஒரு முறை பாருங்கள். உட்கார்ந்தவுடன் தண்ணீர் தொடும் விளிம்பில் ஒரு கல்லை வையுங்கள். கால் மணி நேரத்தில் நான்கு விரல் உயரம் முழுகினால் தூண்டிலைச் சுருட்டிவிட வேண்டும், மீன் கொத்திக்கொண்டிருந்தாலும். கரைக்குத் திரும்ப ஒரு வாய்க்காலைத் தாண்ட வேண்டிய பாறையிலோ மணல் திட்டிலோ உட்காரவே வேண்டாம்; முதலில் ஆழமாவது அந்த வாய்க்கால்தான். கதவணைக்குக் கீழே சைரன் கேட்டால் எண்ணைத் தேடாமல் ஏறுங்கள். கதவுக்குப் பக்கத்தில் போட அனுமதியும் கிடையாது.

பராமரிப்புக்காகக் கதவணைத் தேக்கத்தைக் காலி செய்யும் நாட்களில் ஊரே சேற்றில் இறங்கி மீன் அள்ளும். தூண்டில்காரர் அன்றைக்குப் போக வேண்டியது கேமராவோடு. வற்றிய தேக்கத்தில் பள்ளம், மரக்கட்டை, பழைய படித்துறை எல்லாம் தெரியும். அடுத்த சில வாரங்களுக்கு அந்தத் தேக்கத்தில் பெரிய மீனை எதிர்பார்க்காதீர்கள்; மேல் தேக்கத்துக்கு மாறிக்கொள்ளுங்கள்.

ஒரு நோட்டில் ஆறு கட்டம் போட்டு எழுதிவந்தால் போதும்: தேதி, இடம், அன்றைய ஆற்று வெளியேற்றம், மூன்று நாளுக்கு முந்தைய வெளியேற்றம், பாதம் தெரிந்த ஆழம், எந்த மீன் எந்த இரைக்கு. ஒன்றும் கிடைக்காத நாளையும் எழுதுங்கள். எத்தனை கன அடிக்கு மேல் உங்கள் இடம் உதவாது என்பதை அந்தப் பக்கங்கள்தான் சொல்லும்.